நாற்பது கிலோவுக்கு மேல்

"நான்தான் கூண்டுக்குள்ளை ஏறி நிண்டனான் எண்டு சொல்லுறீரோ?"

குணேஸ்வரி போட்ட சத்தத்தில் பீலெஃபெல்ட் நகரின் காட்டோரத்துப் பறவைகள் கலைந்தன.

கிறிஸ்ரியன் அசரவில்லை. யாரோ வீட்டில் ஒளித்து வளர்த்துத் தப்பவிட்ட சிறுத்தையைப் பிடிக்க, அவள் தோட்டத்துக்குப் பின்னால் கூண்டு வைத்தவன் அவன்தான். நாற்பது கிலோவுக்குக் குறைந்த எது ஏறினாலும் கதவு விழாது. நாய்களுக்கு ஆபத்து வரக் கூடாதென்று செய்த ஏற்பாடு அது.

இன்று காலை கதவு விழுந்திருந்தது. உள்ளே அவளுடைய நாய் றொக்கி மட்டும் சுகமாகப் படுத்திருந்தது. கூண்டின் அடியில் பொருத்திய தராசு, கதவு விழுந்த நேரத்து நிறையாக எழுபத்தொன்று காட்டியது.

"றொக்கி பதினாறு கிலோ, அக்கா. மிச்சம் நீங்கள்தானே? இப்பிடிக் குழப்பினால் நாயைக் காப்பகத்துக்குக் கொண்டுபோவினம்."

"என்ர நிறை எண்பது, தம்பி! வெட்கத்தை விட்டுச் சொல்லுறன். ரெண்டையும் கூட்டிப் பாரும். பள்ளிக்கூடம் போனனீரோ?"

அவன் முணுமுணுத்தபடி கதவைத் தூக்கிப் பிடித்தான். றொக்கி துள்ளி வெளியே வந்தது.

கதவு திறந்ததும் இப்போதைய நிறைக்கு மாறிய தராசு ஐம்பத்தைந்து காட்டியது.

"நானும் வெளியிலை, நாயும் வெளியிலை. இப்ப ஆர் ஏறி நிக்கிறது? சொல்லும்!"

அவன் வெறும் கூண்டைப் பார்த்தான். தராசைத் தட்டினான். எண் மாறவில்லை.

"பழுதாப் போச்சு போலை, அக்கா."

அவன் சொல்லி முடிக்கையில் எண் பூச்சியமானது.

குணேஸ்வரியின் முழங்காலைக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ வெதுவெதுப்பாக உரசிக்கொண்டு போனது. றொக்கி வாலை ஆட்டியபடி அதன் பின்னால் நடந்தது, திறந்து கிடந்த அவளுடைய குசினிக் கதவை நோக்கி.