ஒரு கட்டு கொத்தமல்லி

“உன் மல்லிக்கு ஒண்ணும் வராது, பேசாம உக்காரு” என்று கணவன் மறுபடியும் சொன்னான். சந்தை அலுவலகப் பெஞ்சில் சாய்ந்து, காலை நீட்டி, தேநீரை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தான்.

கீரைக்காரிக்கு உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், அதிகாரியின் அறைக்கதவில் காதை வைக்காத குறையாக நின்றாள்.

வேறு நாளாக இருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். பூட்டிய பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்க்கிற ஆசாமி அவன். அடுப்பை அணைத்தாயா என்று பாதி வழியில் நின்று கேட்பவன். அப்பேர்ப்பட்டவனே இன்று இவ்வளவு நிதானமாக இருக்கிறான் என்றால், தன் மேல் எத்தனை நம்பிக்கை வைத்திருக்க வேண்டும் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கியது.

சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் பலருக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்திருந்தன. மற்றவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார்கள். முனையில் புதிதாகத் திறந்த, காய்கறி விற்கும் ஏசி கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் தையற்காரியின் மகள் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை.

பச்சையாகத் தின்கிற இலையோ காயோ காரணமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னதால், சுகாதார அதிகாரி வந்து சந்தையில் கடைக்கு ஒரு கட்டு கொத்தமல்லியைச் சோதனைக்கு எடுத்துப் போயிருந்தார். அவர் வரப்போவது முதல் நாளே சந்தை முழுக்கத் தெரியும். அதற்காகக் கீரைக்காரி தனியாக எதுவும் செய்யவில்லை. மற்றவர்கள் சாக்கடை ஓரத் தொட்டியில் கட்டுகளை முக்கி எடுக்கும்போது, அவள் மட்டும் வீட்டிலிருந்து குடிதண்ணீரைக் கேனில் சுமந்து வந்து கழுவுகிறவள்.

குளிப்பாட்டினது போதும், தாலாட்டும் பாடிவிடேன் என்று பக்கத்துக் கடைக்காரர் அவளைக் கிண்டல் செய்வதுண்டு. அன்றும் அப்படித்தான் கழுவிக்கொண்டிருந்தாள். மாதிரிகள் வைத்த ஐஸ் பெட்டியை அதிகாரியின் வண்டி வரைக்கும் சுமந்து போய் உதவியதுகூட அவள் கணவன்தான்.

கதவு திறந்தது. சோதனை முடிவைச் சொல்ல அதிகாரி இருவரையும் உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார்.

அதிகாரி அம்மாள் சுற்றி வளைக்கவில்லை. மற்ற கடைகளின் கட்டுகளிலும் கிருமி இருந்தது, ஆனால் அதெல்லாம் சாதாரண மருந்துக்கு அடங்கிவிடுகிற ரகம். இவர்கள் கடைக் கட்டில் இருந்ததோ, மருந்துகளைப் பார்த்துப் பார்த்துப் பழகி, எதற்கும் மசியாமல் போன கிருமி. “அந்தப் பொண்ணு உடம்புல இருக்கறதும் இதேதாம்மா” என்றார்.

கணவனுக்கு முகம் வெளிறிப் போயிற்று. “இருக்கவே முடியாது மேடம், அது ரொம்ப சுத்தமான கட்டு” என்றான். இந்த நிலையிலும் தன்னை விட்டுக்கொடுக்கவில்லையே என்று அவள் அவனை நன்றியோடு பார்த்தாள்.

கடை எண்ணை மாற்றி எழுதியிருப்பீர்களோ, சோதனையில் தவறு நடந்திருக்குமோ என்று அவன் என்னென்னவோ கேட்டான். அதிகாரி எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையசைத்தார். கடையை உடனே மூட வேண்டும் என்றார்.

கடை போவது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மடியில் கிடந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தையற்காரி கடைசியாக வந்தபோது மகளையும் கூட்டி வந்திருந்தாள்.

“பச்சையாவே தின்னு, உடம்புக்கு நல்லதுன்னு சொல்லி, கொசுறா ஒரு பிடி அந்தப் புள்ள கையில நான்தான் குடுத்தேன்” என்றாள். அழுகை வரவில்லை. அதுதான் பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தத் தாயின் காலில் விழப் போவதாகவும், இனி இந்தக் கையால் ஓர் இலையைக்கூடத் தொடப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள். கணவன் கையைப் பிடித்தான். அவள் உதறிவிட்டு நடந்தாள்.

அவன் அதிகாரியை ஒரு தரம் பார்த்தான். வாசலைத் தாண்டப் போன மனைவியைப் பார்த்தான். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

“அது உன் மல்லியே இல்ல, ஏசி கடையில வாங்கி நான்தான் மாத்தி வச்சேன்.”