மணிக்காது

பிரேக் ஷூவை இடது கை விரலில் தொங்கவிட்டு, ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார் மெக்கானிக்.

'ணங்'.

தலையை ஆட்டி, தேறியவற்றோடு அதையும் வைத்தார்.

இரும்பின்மேல் லைனிங் பட்டை சரியாக ஒட்டியிருந்தால் ஷூ மணிபோல ஒலிக்கும். உள்ளே ஒட்டாமல் விட்டிருந்தால் சத்தம் 'தொப்'பென்று அமுங்கிவிடும். அப்படிப்பட்டதை மாட்டினால் சூடேறியதும் லைனிங் கழன்று தனியே வந்துவிடும், பிரேக் பிடிக்காது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், காதுக்குத்தான் தெரியும்.

அந்தக் காதால் அவருக்கு 'மணிக்காது' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மற்ற பட்டறைக்காரர்கள்கூடப் புது ஷூவை அவரிடம் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்லித்தான் கொண்டுபோவார்கள். அவருக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை.

முன்பெல்லாம் பெட்டிக்கு ஒன்றிரண்டு தேறாமல் கழியும். ஆறேழு மாதமாக ஒன்றுகூடக் கழியவில்லை. கம்பெனிக்காரனுக்கு ஒருவழியாக நல்ல புத்தி வந்துவிட்டது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை இதே பெட்டியிலிருந்து எட்டு ஷூக்களைத் தட்டிப் பார்த்து, மருமகனின் வேனுக்கு நாலு சக்கரத்திலும் மாட்டினார். வேறு யாரையும் கை வைக்க விடவில்லை. மகள் குடும்பம் மலையிலிருந்து அடிவாரத்துக்கு வீடு மாறுகிறது. பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் என்று பின்னால் முட்ட முட்டப் பாரம். முன்சீட்டில் மகள், அவள் மடியில் நாலு வயதுப் பேத்தி. இறக்கத்தில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள்.

அப்பா மாட்டிய பிரேக் என்று மகள் கவலையே இல்லாமல் கையசைத்துவிட்டுப் போனாள். அரை மணி நேரம் ஆகிறது.

அடுத்த ஷூவைத் தட்டினார். 'ணங்'.

தன் வண்டிக்காக எதிரே ஸ்டூலில் காத்திருந்த டிரைவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னண்ணே, தலகாணியில தட்டின மாதிரி தொப்புங்குது?"

"மொதல்ல போயி காதக் குடைஞ்சுட்டு வாய்யா."

நன்றாகக் கேட்கட்டும் என்று, ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசரை அணைத்தார். பட்டறை அமைதியானது. ஷூவை டிரைவரின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஸ்பானரை ஓங்கினார்.

மணி கேட்டது.

ஸ்பானர் இன்னும் ஷூவைத் தொடவே இல்லை.

இரண்டையும் கீழே வைத்தார். மணி நிற்கவில்லை. கைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டார். இப்போது இன்னும் தெளிவாக, விடாமல், ஒரே சீராகக் கேட்டது.

டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லியும், டாக்டரிடம் காட்டச் சொல்லியும் மனைவி மாதக்கணக்கில் நச்சரித்தது நினைவுக்கு வந்தது. அவர்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஸ்பானரை டிரைவரிடம் நீட்டினார். காலையில் மாட்டியது போக, தேறியவை என்று அவர் எடுத்து வைத்திருந்த எட்டையும் டிரைவர் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஐந்தைத் தூக்கி ஓரமாகப் போட்டார்.

வேனில் மாட்டியவையும் இதே பெட்டியில் வந்தவைதான். மணிக்காது கிரீஸ் கையோடு போனை எடுத்தார். மகளின் எண்ணை அழுத்துவதற்குள் விரல் இரண்டு முறை வழுக்கியது. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு போனைக் காதோடு சேர்த்து அழுத்தினார்.

மணி அடித்தது.

அப்பாடா என்றிருந்தது. எடுத்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வேண்டும். எந்த வளைவாக இருந்தாலும் சரி, சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே காத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

எடு தாயி, எடு.

ஏன் இவ்வளவு நேரம் என்று போனைக் காதிலிருந்து விலக்கிப் பார்த்தார்.

திரை இருண்டு கிடந்தது. அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.