ஒன்று புள்ளி இரண்டு

லாரி வழிவிடவில்லை.

புளியரை ஏற்றத்தில் அதன் பின்னால் டாக்ஸியில் ஊர்ந்துகொண்டிருந்தாள் அவள். சாலையில் இரண்டு வண்டிக்குத்தான் இடம். கேரளாவுக்குப் போகும் எம்-சாண்ட் லாரி, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தூசியைக் கொட்டிக்கொண்டு முனகியபடி ஏறியது.

பக்கத்து இருக்கையில் மெக்கானிக் மைதீன் பாய். மடியில் ஸ்கேனர். அதன் ஒயர் ஸ்டீயரிங்குக்குக் கீழே போய்ச் செருகியிருந்தது.

“புள்ளி நாலு,” என்றார். “புள்ளி அஞ்சு.”

டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தம் அது. ஓட்டுகிறவள் திரையைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்குப் போய்விடும். அதனால் அவரே வாய்விட்டு வாசிப்பார். முழுசாக மிதித்தால் எண் ஒன்றைத் தாண்டி நிற்க வேண்டும்.

காலையிலிருந்து எண் அப்படித்தான் நிற்கிறது.

ஷெட்டில் ரப்பர் குழாய்கள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. பைபாஸில் விரட்டிப் பார்த்தார். ஜம்மென்று போனது. சண்டாள வண்டி, மெக்கானிக்கைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை இதே ஏற்றத்தில் அப்படி இல்லை.

ஒரு லாரியை முந்தும்போது பாதியில் இழுவை செத்துப்போனது. பின் இருக்கையில் ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. எதிரே வந்த பஸ் வலது பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. குழந்தையின் தாய் அதற்கப்புறம் ஊர் போய்ச் சேரும்வரை வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

முதலாளி உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்.”

வண்டியில்தான் கோளாறு என்று மைதீன் பாய் சொன்னால் அவள் ஓட்டலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை சவாரிக்குச் சாவி வேறு ஆளுக்கு.

வண்டி கெட்டுப்போயிருக்கட்டும் என்று எந்த டிரைவராவது சாமியிடம் கேட்பாளா? அவள் கேட்டாள்.

“நல்லா சூடேறணும் பாய். சூடேறி, ஏத்தத்துல, முழுசா மிதிச்சாத்தான் வரும்.”

“நீ சொல்லுத. நான் பாக்கணும்லா.”

வளைவு முடிந்தது.

நேர்ச்சாலை. எதிரே யாருமில்லை.

விளக்கைப் போட்டாள். லாரியை முந்த வெளியே எடுத்தாள். மிதித்தாள்.

“புள்ளி எட்டு. ஒண்ணு.”

லாரியின் பின்சக்கரங்கள் அவர் ஜன்னலுக்கு நேராக வந்தன. அவற்றின் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

“ஒண்ணு புள்ளி ஒண்ணு. ஒண்ணு புள்ளி ரெண்டு,” என்று கத்தினார்.

எண் விழவில்லை. பாழாய்ப் போனது, இன்றைக்கு விழப்போவதில்லை.

அப்போதுதான் இருக்கை அவள் முதுகைத் தள்ளுவதை நிறுத்தியது.

கால் கடைசிவரை போயிருந்தது. வண்டி போகவில்லை. லாரியும் அவளும் ஒரே வேகத்தில், ஜோடி போட்டுக்கொண்டு ஏறினார்கள்.

மேல் வளைவிலிருந்து ஒரு பஸ் இறங்கியது.

“மிதிம்மா.”

“மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

அடுத்த எண் வரவில்லை. “யா ரப்பே” என்பது மட்டும் வந்தது.

பஸ் விளக்கை அடித்தது. ஹாரன் நிற்கவே இல்லை.

பிரேக். லாரி முன்னால் நழுவியது. அவள் விட்டுவந்த இடத்தில் ஒரு வேன் மூக்கை நுழைத்திருந்தது.

நின்னுடுடா, புண்ணியமாப் போகும்.

வேன்காரன் நின்றான். அவள் உள்ளே ஒடித்தாள். பஸ் போன காற்றில் வண்டி ஒருமுறை குலுங்கியது.

உயிர் போய் உயிர் வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த நேரத்தில் சந்தோஷப்பட வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தும் சந்தோஷப்பட்டாள்.

“பாத்தீங்களா பாய்? எதுவரைக்கும் விழுந்துச்சு?”

ஒரு கணம் திரும்பினாள். அவருடைய ஒரு கை மேலே கைப்பிடியில் இருந்தது. இன்னொன்று டேஷ்போர்டில். ஸ்கேனர் காலடியில் கிடந்தது.

“கண்ண மூடிட்டேன்மா.”

பழைய ஸ்கேனர். ஓடுகிற எண்ணைக் காட்டும், சேர்த்து வைக்காது. அவர் குனிந்து எடுத்துத் துடைத்தார். லாரியின் பின்னால் ஊரும் வண்டிக்கு மறுபடி நல்ல புத்தி வந்திருந்தது.

“புள்ளி நாலு,” என்றார், யாருக்கோ சொல்வதைப்போல.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“விழுந்துச்சுன்னே முதலாளிகிட்ட சொல்லிடுதேன். இழுக்கலன்னு எனக்கே தெரிஞ்சுதுல்லா. போதும், திருப்பு.”

போதும்தான். சாவி அவள் கையிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இதே ஏற்றம், இதே வண்டி. பின்னால் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

“காத்து விழுந்துச்சா, டீசல் வராம போச்சா பாய்?”

அவர் திரையைப் பார்த்தார்.

“எண்ணப் பாக்காம எதைக் கழட்டுவீங்க?”

வளைவு வந்தது. லாரி முனகிக்கொண்டு திரும்பியது. அதன் பின்னாலேயே அவளும் திரும்பினாள். மறுபடி நேர்ச்சாலை, கண்ணுக்கெட்டியவரை காலி.

அவள் விளக்கைப் போட்டாள்.

மைதீன் பாய் கைப்பிடியைத் தேடவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்கேனரைப் பிடித்து, முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்.

“புள்ளி அஞ்சு,” என்றார்.