வேவுக்காரன்

நெட்வொர்க் ஆளுக்கு ஆபீஸே அப்படித்தான் பேர் வைத்திருந்தது. முதுகுக்குப் பின்னால்தான். நேரில் பார்த்தால் 'சார்'.

எல்லாம் மேனேஜர் ஒட்டிய அறிவிப்பால் வந்த வினை. 'இன்று முதல் நம் ஸ்விட்ச்சில் ஸ்னூப்பிங் போடப்படுகிறது. ஒத்துழைக்கவும்.' ஸ்விட்ச் என்றால் லைட் ஸ்விட்ச் இல்லை, எல்லா கம்ப்யூட்டர் ஒயரும் போய்ச் சேருகிற பெட்டி. அது தெரியும். ஸ்னூப்பிங்? டெஸ்பாட்ச் கிளார்க் போனில் அகராதியைப் பார்த்தார். மறைந்திருந்து வேவு பார்ப்பது என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

மேனேஜரிடம் போய்க் கேட்டார்கள். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பயந்து கிடக்கட்டும் என்று நினைத்திருப்பார், புண்ணியவான்.

நெட்வொர்க் ஆள் வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்ததும் ஆபீஸ் கப்சிப். சினிமா டிக்கெட் தேடியவர்களும் வேறு வேலை தேடியவர்களும் சட்சட்டென்று மூடினார்கள். அவனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டதற்கு, உங்களுக்குத் தெரியாததா சார் என்று குத்தலாகப் பதில் வந்தது.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட எழுந்து போனபின் பில்லிங் மேடம் மட்டும் அவனிடம் வந்தார். நாற்பதைத் தாண்டியவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவர். அவர் இருக்கிறாரா என்று பார்க்கக்கூட யாரும் திரும்புவதில்லை.

"காலையில நான் தேடினதெல்லாம் உங்களுக்கு வந்திருக்கும்ல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாளையிலேர்ந்து யார் பாத்தாலும் எனக்குக் கவலையில்ல. இன்னிக்கு மட்டும் யாருக்கும் தெரியவேண்டாம். அழிச்சிடுங்க சார்."

அவன் எழுந்து நின்றான். பிறகு சொன்னான்.

"பாத்தேன் மேடம். ஒண்ணு விடாம பாத்தேன்."

அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"அழிக்கணும்னா நான் சொல்றதைக் கேக்கணும். பையை எடுத்துக்கிட்டு இப்பவே என்கூட வாங்க. இல்லேன்னா நேரா மேனேஜர்கிட்ட போறேன்."

மேடம் பையை எடுத்தார். அவர் அவனுடைய வண்டியில் ஏறுவதைச் சாப்பாட்டு அறை ஜன்னலில் நின்று ஆபீஸே பார்த்தது. அடப்பாவி, வேவு பார்த்ததும் இல்லாமல் மிரட்டி வேறு கூட்டிக்கொண்டு போகிறானே என்று டெஸ்பாட்ச் கிளார்க் கொதித்தார். கொதித்து என்ன பிரயோஜனம்? டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கீழே இறங்கி, எங்கேம்மா போறீங்க என்று கேட்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

வண்டி போய் நின்றது ஆஸ்பத்திரியில். மனநல டாக்டர் வெகுநேரம் பேசினார். வழியிலேயே மேடத்திடம் நம்பர் வாங்கி அவன் கூப்பிட்டிருந்ததால், அவருடைய அக்கா அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தங்கை இன்று ராத்திரி உயிரை விடுவதென்று முடிவு செய்திருந்தாள், அதற்கான வழியைத்தான் காலையில் தேடியிருக்கிறாள், இனி கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார்.

அக்கா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"கூடப் பிறந்த எனக்கே தெரியல தம்பி. உங்க மிஷின் கண்டுபிடிச்சிருச்சே."

"அதுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆளுக்கொரு நம்பர் குடுக்கணும். யாரோ வீட்டுலேர்ந்து ஒரு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து மாட்டி, அது கண்ட நம்பரையும் குடுத்து பாதி ஆபீஸுக்கு நெட் படுத்துடுச்சு. நம்ம பெட்டியைத் தவிர வேற எது நம்பர் குடுத்தாலும் தடுத்துடுன்னு ஸ்விட்ச்சுக்குச் சொல்லி வச்சேன். ஸ்னூப்பிங்னா அவ்வளவுதான். யார் என்ன தேடறாங்கன்னு அதுல ஒரு எழுத்துகூட வராது."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"பின்னே எல்லாத்தையும் பாத்தேன்னு அவகிட்ட சொன்னீங்களாமே, ஏன் தம்பி?"

"நாளையிலேர்ந்து கவலையில்லன்னாங்க, அதுலயே பயந்துட்டேன்க்கா. பாக்கலேன்னு சொல்லியிருந்தா, நிம்மதியா போயிருப்பாங்க."