வெளிச்சம் நிற்காத முடி

சாந்தோ டொமிங்கோ கடற்கரைச் சாலையில் மாலை வெயில் சாய்கிறது. சுருள்முடிப் பெண்கள் சங்கம் படமெடுக்க வரிசை கட்டி நிற்கிறது. சுருளின் இறுக்கத்தை வைத்து ‘நல்ல முடி, கெட்ட முடி’ என்று யாரும் வாய்திறக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. அதை எழுதியவளே மிலேடிஸ்தான். சீப்பு இறங்காமல் இறுகச் சுருண்ட தன் முடியைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்வரிசையின் நடுவில் நிற்கிறாள். “அக்கா, உங்க முடில வெளிச்சமே நிக்க மாட்டேங்குது. இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?” என்று படக்காரன் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நீட்டுகிறான். மிலேடிஸ் அதை வாங்கிக்கொண்டு வரிசையை விட்டு எதிரே வருகிறாள். மற்றவர்கள் ஆளாளுக்குத் தன் சுருளை நீவிக்கொண்டிருக்கிறார்கள். மிலேடிஸ் நின்ற இடத்தில் அவளுடைய ஆறு வயது மகளைப் படக்காரன் கொண்டுவந்து நிறுத்துகிறான். குழந்தையின் தளர்ந்த சுருள்கள் கடற்காற்றில் துள்ளுகின்றன. பக்கத்தில் நிற்கும் யோகாஸ்தா அதில் ஒன்றை இழுத்து விடுகிறாள். “எவ்வளவு நல்ல முடிடி உனக்கு! யாரு குடுத்தா?” “அப்பா! அம்மாது வரல, தப்பிச்சேன்.” வரிசை முழுக்கச் சிரிக்கிறது. மிலேடிஸும் சிரிக்கிறாள். பிறகு அட்டையை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொள்கிறாள். “அப்படியே வெச்சுக்குங்க அக்கா, பிரமாதம்!” என்கிறான் படக்காரன். மகளின் தலையில் வெளிச்சம் பொன்னாய்க் கொட்டுகிறது.