இருபத்தொன்றாவது வரி

திறந்து கிடந்த மாடிக் கதவு வழியே தம்பி படிகளில் உருண்டு விழுந்து நான்காயிரத்துப் பதினெட்டு நாள்கள் ஆகியிருந்தன. இப்போதும் அவன் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடப்பான். ஒரு மதியம், ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதையாக ஆடும் தன் மாயாஜால விளையாட்டுக்குக் கதாபாத்திரங்களை உருவாக்க அக்காக்கள் இருவரையும் உட்காரவைத்தான். பெரியவள் போர்வீரி. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் சின்னவள் மந்திரக்காரி.

“சின்னக்கா, இப்ப உன் ஆளோட பழைய கதை. உருட்டு. புத்தகப் பட்டியல்ல, விழுற நம்பருக்கான வரியை எழுதிக்கணும்.”

பகடைக்கு இருபது பக்கங்கள். விழுந்தது இருபத்தொன்று.

“இதுலயும் ஏமாத்தறியாடி?” என்று பெரியவள் சிரித்தாள். சின்னவள் மறுபடி உருட்டினாள். இருபத்தொன்று.

தம்பி விளையாட்டின் விதிப்புத்தகத்தைப் புரட்டினான். முந்தின நாள்வரை இருபது வரிகளே இருந்த பட்டியலின் அடியில், அதே அச்சில் இன்னொரு வரி இருந்தது.

“‘மாடிக் கதவைத் திறந்துவிட்டவள். பழியை அக்கா சுமக்கிறாள்.’ அட, நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கே!”

சின்னவள் அதைத் தன் தாளில் எழுதினாள். எழுதி முடித்ததும் மூச்சு லேசாக வந்தது.

சமையலறையிலிருந்து அம்மா வழக்கம்போலப் பெரியவளை அதட்டினாள். “மாடிக் கதவைப் பூட்டினியாடி? உன்னை நம்பவே முடியாது.”

“அவளைக் கேக்காதம்மா,” என்றாள் சின்னவள். “அன்னிக்குத் திறந்துவிட்டது நான்தான்.”