விவரத்தின் எஞ்சின்

"கலப்பட ஆயிலை ஊத்தி, ஒரு மனுஷனோட பொழப்புல மண்ணைப் போட்டுட்டியேப்பா!"

ஒர்க்‌ஷாப்புக்குள் காலை வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார் விவரம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைப் பேசினாலும் "எனக்கு விவரம் தெரியும்" என்று தொடங்குவதால் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து வைத்த பெயர் இது. அதைப் பாராட்டு என்றே அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே கீழ்வீட்டுக்காரர் வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காரில் ஏற்றி இறக்கித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. நேற்றுக் காலை நான்கு பிள்ளைகளோடு நடுரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

மெக்கானிக் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஆயில் இருக்கவேண்டிய இடத்தில் தார் மாதிரி கறுப்புப் பிசுக்கு இருந்தது.

"ஆயில் நல்ல ஆயில்தான் சார். ஆனா மினரல், விலை குறைஞ்ச ரகம். அதை ஐயாயிரம் கிலோமீட்டர்ல மாத்தணும். இவர் பத்தாயிரம் ஓட்டிட்டார். இந்த எஞ்சினுக்கு விலை கூடின சிந்தெடிக்தான் போடணும்னு கம்பெனி புத்தகத்துலயே இருக்கு. சொன்னேன், கேக்கலை."

"அண்ணன் அப்படித்தானே ஓட்டுறார்? அவரைப் பார்த்துத்தான் நானும்..." என்று இழுத்தார் கீழ்வீட்டுக்காரர்.

விவரத்துக்கு அது போதும்.

"கேட்டுக்கோ! ரெண்டு பேருக்கும் ஒரே மாடல். ஒரே வருஷம் வாங்கினது. நானும் மினரல்தான். நானும் பத்தாயிரத்துலதான் மாத்துறேன். வா, வந்து என் எஞ்சினைப் பாரு!"

வாசலில் நின்ற தன் காரின் பானெட்டைத் தூக்கி, ஆயில் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே டார்ச் அடித்தார். ஒரு பிசுக்கு இல்லை. நேற்று வாங்கிய பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்தது.

"எப்படி? சிந்தெடிக்ங்கிறது ஏமாந்தவன் தலையில மிளகாய் அரைக்கக் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சது. இதை நான் குடியிருப்புக் கூட்டத்துலயே சொல்லியிருக்கேன்."

சொல்லியிருந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேசக் கூட்டிய கூட்டத்தில், முக்கால் மணி நேரம்.

"அப்போ தப்பு எங்கே? உன் டப்பாவுல! எங்க குடியிருப்புல நாப்பது கார் இருக்கு. இன்னைக்கே எல்லார்கிட்டயும் சொல்றேன். ஒருத்தன் இனிமே உன் வாசலை மிதிக்க மாட்டான்."

கீழ்வீட்டுக்காரரின் போன் அடித்தது. "நாளைக்கு மட்டும் நீங்களே பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுடுங்கம்மா... வேற வண்டி பார்த்துடாதீங்கம்மா..." என்று கெஞ்சிக்கொண்டே தெருப்பக்கம் நகர்ந்தார்.

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"சார், ஒரு நிமிஷம் உள்ளே வாங்க."

டப்பாக்கள் அடுக்கிய சின்ன அறை. கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"உங்க காருக்கு நான் மினரல் ஊத்தினதே இல்லை."

"என்ன உளர்றே? பில்லெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு!"

"பில்லு மினரல்தான். ஊத்தினது சிந்தெடிக். ஒவ்வொரு சர்வீசுக்கும் முந்தின நாள் உங்க வீட்டம்மா வருவாங்க. மீதிக் காசைக் கையில கொடுத்துட்டு, 'நல்லதையே ஊத்துப்பா, பில்லுல மட்டும் மினரல்னு போடு. அவர் சொன்னா கேக்க மாட்டார். கார் நின்னுட்டா வீட்டுல எங்களை உக்காரவிட மாட்டார்'னு சொல்லிட்டுப் போவாங்க. தையல் மெஷினை மிதிச்சு சம்பாதிச்ச காசு சார்."

விவரம் கையிலிருந்த டார்ச்சை டப்பாக்கள்மேல் வைத்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அதனாலதான் உங்க கீழ்வீட்டுக்காரர் உங்க காரைக் காட்டிப் பேசினப்பகூட வாயை மூடிக்கிட்டிருந்தேன். அது என் தப்பு. அவர் எஞ்சினைக் கூலி வாங்காம சரி பண்ணித் தர்றேன். நீங்க அவர்கிட்ட உண்மையை மட்டும் சொல்லிடுங்க. இல்லேன்னா மறுபடியும் உங்களைப் பார்த்து மினரலையே ஊத்துவார்."

டிவி பார்க்கும்போது கேட்கும் அந்தத் தையல் மெஷின் சத்தத்தை விவரம் திட்டாத நாள் இல்லை. இப்போது அது காதில் கேட்பதுபோல் இருந்தது. கண்கூட லேசாகக் கலங்கியது. துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னண்ணே சொல்றார்?" என்று ஓடிவந்தார் கீழ்வீட்டுக்காரர்.

விவரம் தொண்டையைச் செருமினார்.

"நல்லா விசாரிச்சுட்டேன்ப்பா. ஆயில்ல ஒண்ணும் இல்லை. நீ ஓட்டுற விதத்துலதான் கோளாறு. கியரை மாத்தத் தெரியணும், இல்லே?"

"அப்படியாண்ணே?" கீழ்வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இருக்கும். பெல் அடிக்கிறதுக்குள்ள போகணும்னு விரட்டித்தான் ஓட்டுறேன்."

உள்ளே நின்ற மெக்கானிக் அறை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

மறந்து வைத்த டார்ச்சை எடுக்க விவரம் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த வாரம் என் கார் சர்வீசுக்கு வருது. எப்பவும் ஊத்துறதையே ஊத்து. பில்லுல மினரல்னே இருக்கட்டும்."

"சார்..."

"அப்புறம், எனக்குத் தெரிஞ்சது என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம். பாவம், சங்கடப்படுவா. எப்பவும்போல மீதிக் காசை அவளே வந்து கொடுத்துட்டுப் போகட்டும்."